கறுப்புப் படகும் சித்திரை வெயிலும்

மொட்டை மாடியில் வைத்திருந்த, ரேடியோவால் இயக்கும் பந்தய மாதிரிப் படகின் அடிப்பாகத்தை இன்று மதியம் கட்டைவிரலால் அழுத்தியபோது, கல்லைப் போல நிற்க வேண்டிய கார்பன் ஃபைபர் மெல்லக் குழைந்தது. வழவழப்பாகத் தேய்த்திருந்த பரப்பில் நெசவின் கட்டங்கள் மேலெழும்பியிருந்தன.

குற்றம் கார்பன் துணியுடையதன்று, அதை இறுக்கிப் பிடிக்கும் பிசினுடையது.

அறை வெப்பத்தில் மட்டும் இறுகவிட்ட எப்பாக்ஸிப் பிசின் பெரும்பாலும் 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். கறுப்பு நிறமோ வெயிலில் அந்தச் சூட்டை எளிதாக எட்டிவிடும்.

மலிவு என்று பாலியெஸ்டர் பிசினுக்குப் போகவும் மனமில்லை; இறுகும்போதே அதிகம் சுருங்கும், கெவ்லார் என்னும் உறுதியான இழைத் துணியோடும் சரியாக ஒட்டாது.

அடுத்த படகுக்குக் கண்ணாடி இழைத் துணிதான். கல்லில் மோதும் மூக்குக்கு மட்டும் ஓர் அடுக்கு கெவ்லார், அதுவும் உட்புறமாக, ஏனென்றால் உப்புத்தாள் பட்டால் பஞ்சாய்ப் பிரிந்துவிடும்.

கார்பனை முழுதும் போர்த்தினால் உள்ளிருக்கும் ஆன்டெனாவுக்கு ரேடியோ சிக்னலும் எட்டாது.

வெள்ளைப் பெயின்ட் ஒரு டப்பா வாங்க வேண்டும்.