பூட்டனைத் தேடிக் கல்லறைத் தோட்டத்துக்கு

அம்மா வழிப் பூட்டனை, அதாவது தாத்தாவின் அப்பாவைப் பற்றி வீட்டில் தெரிந்தது மூன்றே விஷயம். உபதேசியாராக (சபையில் போதிக்கும் ஊழியராக) இருந்தார், காலராவில் இறந்தார், மெஞ்ஞானபுரம் பக்கத்தில் பூட்டியின் ஊரில் அடக்கம். பெயரைக்கூட ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள்: ஞானஸ்நானப் பெயர் ஒன்று, ஊரார் கூப்பிட்ட பெயர் ஒன்று. படம் கிடையாது. அரசுப் பதிவில் தேடலாம் என்றால், இறந்த வருஷம் தெரியாமல் பழைய புத்தகத்தை யாரும் எடுத்துத் தர மாட்டார்கள். அதனால் கல்லறைத் தோட்டத்திலிருந்தே ஆரம்பித்தேன்.

ஊருக்குக் கிளம்பும் முன் ஒன்றைத் தெரிந்துகொண்டது பெரிய உதவியாக இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவ ஊர்கள் இரண்டு இங்கிலாந்து மிஷன்களின் கீழ் இருந்தன: சர்ச் மிஷனரி சொசைட்டி (சி.எம்.எஸ்.), சுவிசேஷப் பரப்புச் சங்கம் (எஸ்.பி.ஜி.). மெஞ்ஞானபுரம், டோனாவூர் எல்லாம் சி.எம்.எஸ்.; நாசரேத், முதலூர், இடையன்குடி எல்லாம் எஸ்.பி.ஜி. நம் ஊர் எதன் கீழ் இருந்தது என்று தெரிந்தால்தான் பழைய பதிவேடு எந்தத் தாய்ச்சபையில் (சுற்றியுள்ள சின்ன ஊர்ச் சபைகளுக்குத் தலைமையான சபையில்) இருக்கும் என்று ஊகிக்க முடியும். 2003-இல் திருநெல்வேலித் திருமண்டலத்திலிருந்து (பேராயர் ஒருவரின் கீழ் உள்ள பகுதி) தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலம் தனியாகப் பிரிந்தது வேறு. சேகரங்களும் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுப்பு) காலப்போக்கில் பிரிந்துகொண்டே வந்திருக்கின்றன. எங்கள் விஷயத்தில் சின்ன ஊரின் பழைய புத்தகங்கள் தாய்ச்சபையிலேயே தங்கிவிட்டிருந்தன.

சேகர குருவிடம் சொல்லிவிட்டுத்தான் தோட்டத்துக்குள் போனேன். கூடவே பெரியம்மாவையும் அழைத்துப் போனேன். எண்பதைத் தாண்டியவர், ஆனால் ஞாபகம் துல்லியம். உள்ளே நுழைந்ததும் கையை நீட்டி, "ஐயா, அந்த வேப்பமரத்துக்குக் கீழ இருக்கிறது பூரா நம்ம ஆளுகதான்" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்கு எத்தனையோ நாள் அலைச்சலை மிச்சப்படுத்தியது. ஊரில் வயதானவர்கள் இருந்தால் அவர்களை இப்போதே கூட்டிக்கொண்டு போங்கள். கல் இன்னும் சில வருஷம் தாங்கும்.

மரத்தடியில் இருந்தவற்றில் பாதி சுண்ணாம்புக் கட்டடம். அவற்றில் பூச்சு மேல் எழுதிய எழுத்து மழையில் போய்விட்டது. கருங்கல் பதித்தவை மட்டும்தான் மிச்சம். அதிலும் உச்சி வெயிலில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் வெயில் பக்கவாட்டில் விழும்போது வெட்டெழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கும். அப்போதுதான் பெயர் எழுந்து வருகிறது. காலையில் நிழலில் கிடந்த ஒரு கல்லுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து வெளிச்சம் திருப்பினேன், அதுவும் பலித்தது. பாசியை நல்ல தண்ணீர் விட்டு மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். கம்பி பிரஷ், ஆசிட், சாக்பீஸ், மாவு எதுவும் வேண்டாம். எழுத்து தெரியட்டும் என்று யாரோ கம்பியால் சுரண்டிய கல் ஒன்றை அங்கே பார்த்தேன். அதை இனி யாராலும் படிக்க முடியாது. மனசு கேட்கவில்லை.

எழுத்தும் பழகப் பழகத்தான் பிடிபடும். 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னை, லை எல்லாம் வேறு உருவத்தில் இருக்கும். புள்ளி வைக்காத மெய்யெழுத்துகளும் உண்டு. ஆண்டுக்குப் பின்னால் 'ளு' மாதிரி தெரிவது ௵, வருஷத்துக்கான குறி. மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳. இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் பாதி சிதைந்த கல்லிலும் எது வருஷம், எது தேதி என்று பிரித்துவிடலாம்.

பூட்டனுடையது என்று பெரியம்மா காட்டிய கல்லில் பெயரின் கடைசி இரண்டெழுத்தும் 'உபதேசியார்' என்பதும்தான் மிஞ்சியிருந்தன. வருஷம் உடைந்துபோயிருந்தது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சரி என்று அந்த வரிசை முழுவதையும் ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் எந்தக் கல் என்று நோட்டில் வரைந்தேன். நான் செய்ததிலேயே உருப்படியான வேலை அதுதான். இடப்பக்கம் பூட்டியின் கல். அதில் கணவர் பெயர் முழுசாக இருந்தது. வலப்பக்கம் ஒரு சிறிய கல், 'வயது 3' என்று மட்டும் தெளிவாக. அதற்கு அடுத்துப் படிக்க முடிந்த கற்கள் எல்லாமே 1918, அக்டோபர் அல்லது நவம்பர்.

அந்த மாதங்களைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. 1918-இன் இன்ஃப்ளூயன்சா இந்தியாவில் ஒரு கோடிப் பேருக்கு மேல் கொண்டுபோனது. அதன் கொடிய அலை இங்கே அடித்தது அந்த வருஷக் கடைசியில்தான். வீட்டில் வழிவழியாகச் சொல்லிவந்த காலரா, காலராவே அல்ல.

வருஷம் கையில் கிடைத்ததும் பதிவேடு தேடுவது சுலபமாயிற்று. தாய்ச்சபை அலுவலகத்தில் முதலில் தயங்கினார்கள். உறவுமுறையை விவரித்து ஒரு கடிதமும் சேகர குருவின் கையெழுத்தும் கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். கரையான் அரித்த அடக்கப் பதிவேட்டில் 1918 அக்டோபர் பக்கங்கள் மட்டும் நெருக்கி நெருக்கி எழுதப்பட்டிருந்தன. அதில் பூட்டன் பெயர், வயது, 'விஷக் காய்ச்சல்'. அடுத்த நான்காம் நாள், அவருடைய மகன், வயது 3. தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. தாத்தாவும் ஒருநாளும் சொன்னதில்லை. பெரியம்மா அந்தப் பெயரை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அப்பாவுக்கு அப்போ எட்டு வயசு" என்றார். குடும்ப வம்சப் பட்டியலில் அந்தப் பிள்ளையின் பெயரை அன்றைக்கே எழுதிச் சேர்த்தோம்.

பதிவேட்டில் இன்னொரு செய்தியும் இருந்தது. தொழில் என்ற கட்டத்தில் 'முன்பு கண்டித் தோட்ட உபதேசியார்' என்று எழுதியிருந்தார்கள். இலங்கைத் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழருக்காக சி.எம்.எஸ். 1850களிலேயே ஒரு மிஷன் தொடங்கி, திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்களை அனுப்பிவந்தது. பூட்டனும் அப்படிப் போனவர்தான் போலிருக்கிறது. அப்புறம் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினால், 1918-இல் இறந்த சின்னப் பிள்ளையின் பெயர் இருக்கிறது, மூத்தவரான தாத்தாவின் பெயர் இல்லை. அப்படியானால் அவர் பிறந்தது அங்கேயாகத்தான் இருக்க வேண்டும். 1909, 1910, 1911 என மூன்று வருஷங்களைக் குறித்து, கண்டிப் பக்கத்துத் தமிழ்ச் சபைகளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.