சோனகத் தெருவிலிருந்து ஒரு நிதி விண்ணப்பம்

பிரிட்டனில் இருக்கும் ஓர் அறக்கட்டளையிடம் எங்கள் சிறிய குழு நிதி கேட்டு வாங்கிய கதையை எழுதச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். பள்ளிவாசலையோ கோயிலையோ தேவாலயத்தையோ ஒட்டி இயங்கும் இப்படிக் குழுக்கள் யாழ்ப்பாணத்தில் நிறையவே இருக்கின்றன. விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு உதவக்கூடும்.

எங்கள் பக்கத்துக் கதை பலருக்குத் தெரிந்ததுதான். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து அப்படிப் போனவர்கள் 70,000க்கும் மேல். பெரும்பாலானோர் புத்தளத்தில் குடியேறினார்கள். 2002 சமாதான காலத்தில் சிலர் வந்து வீடுகளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். 2009க்குப் பிறகுதான் குடும்பங்கள் கூடுதலாகத் திரும்பின. இன்றைக்கும் பலருக்கு வாழ்க்கை இங்கே பாதி, அங்கே பாதி. தகப்பன் இங்கே கடை நடத்துவார், தாய் பிள்ளைகளோடு புத்தளத்தில் இருப்பார், பிறகு எல்லோரும் வருவார்கள், வீடு சரிவராமல் திரும்பிப் போவார்கள். இந்த அலைச்சலில் அடிபடுவது பிள்ளைகளின் படிப்பு. அதனால் முஸ்லிம்கள் வாழும் சோனகத் தெருப் பக்கம் கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரு மாலை வகுப்பு, சிறு வாசிப்பறையோடு. நாங்கள் கேட்டது அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் ரியூசன் காசு என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

முதலில் கேட்ட இடத்தில் பள்ளிவாசலின் பெயரைப் பார்த்தவுடனேயே, சமயப் பணிகளுக்கு உதவுவதில்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அது அந்த அறக்கட்டளை தனக்கென்று வைத்துக்கொண்ட விதி, சட்டத்தில் உள்ள தடை அல்ல. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமான 2011ஆம் ஆண்டு அறக்கொடைச் சட்டத்தில் சமயத்தை வளர்ப்பதும் அறப்பணி என்றே இருக்கிறது. இன, சமய நல்லிணக்கத்தையும் சமத்துவத்தையும் மேம்படுத்துவது அதே பட்டியலில் வேறொரு இடத்தில் வருகிறது. பல அறக்கட்டளைகள் இந்த இரண்டாவதற்கு மட்டும் காசு ஒதுக்குகின்றன. சமயக் குழு விண்ணப்பிக்கலாம், ஆனால் வழிபாட்டுக்கும் மதப் பிரசாரத்துக்கும் சல்லிக் காசு கிடையாது, சேவை எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். எங்களுக்குக் கைகொடுத்தது அப்படியான ஒன்று. விண்ணப்பிக்க முன் அவர்களுடைய தகைமை விதிகளில் இந்த இடத்தை மட்டுமாவது இரண்டு தரம் வாசியுங்கள்.

ஆவணங்கள் வழக்கமானவைதான். பிரதேச செயலகப் பதிவு, யாப்பு, கூட்டக் குறிப்பு, கடந்த வருடங்களின் கணக்கு, வங்கிக் கடிதம், சிறுவர் பாதுகாப்புக் கொள்கை. கடைசியில் சொன்னது சிறு குழுக்களிடம் பெரும்பாலும் இருக்காது. பிள்ளைகளோடு வேலை செய்வதாகச் சொன்னால் அது இல்லாமல் கதையே இல்லை. இரண்டு பக்கத்தில், நாங்கள் உண்மையாகச் செய்யக்கூடியதை மட்டும் தமிழில் எழுதி, பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றினோம்.

கடினமான வேலை விண்ணப்பத்துக்கு வெளியே இருந்தது. எல்லோருக்கும் திறந்த வகுப்பு என்று எழுதினால் பக்கத்து ஒழுங்கைத் தமிழ்ப் பிள்ளைகளும் வருவார்கள். நிர்வாகக் குழுவில் மூத்தவரான ஹாஜியாருக்கு அது பிடிக்கவில்லை.

"மகள், எங்கட பிள்ளையள் பின்தங்கிப் போனதாலதான் இந்தக் காசைக் கேக்கிறம். எல்லாரையும் கூப்பிட்டா எங்கட பிள்ளையளுக்கு என்ன மிஞ்சும்?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இருபது வருடத்துக்கு மேலாக அகதி முகாம் வாழ்க்கை வாழ்ந்த மனிதர். கிடைக்கிற கொஞ்சத்தையும் பங்கு போடச் சொல்ல எனக்கு என்ன தகுதி?

அதே கிழமை அடுத்த ஒழுங்கையில் இருக்கும் ஒரு தாய் என்னை மறித்துக் கேட்டார்: "ரீச்சர், உங்களுக்கு மட்டும் சிறுபான்மையெண்டு காசு வருதாம். நாங்களும் சிறுபான்மைதானே?"

அதுவும் சரிதான். நாட்டுக் கணக்கில் தமிழர் சிறுபான்மை. யாழ்ப்பாணத்துக் கணக்கில் நாங்கள் சிறுபான்மைக்குள் சிறுபான்மை. அவருடைய குடும்பமோ மாநகர சபையில் துப்புரவு வேலை பார்க்கும் குடும்பம். ஊர் அவர்களை எங்கே வைத்திருக்கிறது என்று இங்கே வளர்ந்தவர்களுக்குத் தெரியும். விண்ணப்பப் படிவத்தில் இனம், சமயம், பால், மாற்றுத்திறன் எல்லாவற்றுக்கும் பெட்டி இருந்தது. சாதிக்கு இல்லை. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம் பாதுகாக்கும் ஒன்பது அம்சங்களில் சாதி தனியாக இல்லை. சேர்ப்பதா வேண்டாமா என்று வருடக்கணக்கில் வாதிட்டு, 2018இல் சேர்ப்பதில்லை என்று அந்த அரசாங்கம் முடிவெடுத்தது. எங்கள் அரசியலமைப்பின் 12(2) உறுப்புரையிலோ இனம், மதம், மொழியோடு சாதியும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது. எழுதியிருந்து என்ன கண்டோம் என்று கேட்பீர்கள், அது வேறு கதை. நான் "ஏனையவை" என்ற பெட்டியில் அடையாளமிட்டு, அந்த உறுப்புரையையும் குறிப்பிட்டு, அடுத்த ஒழுங்கைப் பிள்ளைகள் ஏன் ரியூசனுக்குப் போவதில்லை என்று நான்கு வரி எழுதினேன். பிறகு பேசும்போது அறக்கட்டளையினர் கூடுதலாக விசாரித்தது அந்த நான்கு வரியைத்தான்.

ஹாஜியாரோடு கூட்டத்தில் வாதாடவில்லை. அந்தத் தாயைக் கூட்டிக்கொண்டு போய் ஹாஜியார் வீட்டு விறாந்தையில் இருத்தினேன். தேத்தண்ணி வந்தது. இரண்டு பேரும் பழைய ஐந்து சந்திக் கடைகளைப் பற்றிக் கதைத்தார்கள், 1990க்கு முன்னர் யார் யாருக்குப் பக்கத்து வீடு என்று கணக்குப் பார்த்தார்கள். வகுப்பைப் பற்றி அதிகம் பேசவேயில்லை. அடுத்த கூட்டத்தில் ஹாஜியார் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: இடம் ஒதுக்கும்போது திரும்பிவந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. அது நியாயம் என்று எனக்கும் பட்டது, அப்படியே விண்ணப்பத்தில் எழுதினோம். திறந்த வகுப்பில் முன்னுரிமையா என்று அறக்கட்டளையினர் கேட்டார்கள். காரணத்தை விளக்கியதும் ஏற்றுக்கொண்டார்கள். மறைத்து எழுதியிருந்தால் பிறகு அது பெரிய பிரச்சினையாகியிருக்கும்.

அடுத்தது இடம். பள்ளிவாசல் காணி வக்பு சொத்து, அதாவது அறப்பணிக்கென்று அர்ப்பணிக்கப்பட்டது. அங்கே அறை கட்டுவதென்றால் நம்பிக்கையாளர் சபை, வக்பு சபை என்று அனுமதிகளுக்கு அலைய வேண்டும், கட்டடத்துக்கு அறக்கட்டளையும் காசு தராது. ஒரு வீட்டின் முன்பக்கத்தை வாடகைக்கு எடுத்தோம். காணொளி நேர்காணலில் வந்த கேள்விகளில் எனக்குப் பிடித்தது, "அறையின் சாவி யாரிடம் இருக்கும்?" என்பதுதான். எத்தனை பெண்கள் நிர்வாகத்தில் இருக்கிறார்கள் என்று படிவத்தில் எல்லோரும் கேட்பார்கள், எல்லோரும் ஓர் எண்ணை எழுதுவார்கள். சாவியைப் பற்றிக் கேட்டால் பொய் சொல்வது கஷ்டம். இரண்டு சாவி, ஒன்று எனக்கு, மற்றது அடுத்த ஒழுங்கைத் தாய்க்கு என்று அந்த இடத்திலேயே முடிவாகி, காசோலையில் கையெழுத்திடும் மூவரில் ஒருவராகவும் அவரைச் சேர்த்தோம்.

காசு வந்த விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு முஸ்லிம் பெயருள்ள அமைப்புக்கு வெளிநாட்டிலிருந்து பணம் வந்தால் கேள்விகள் கூடுதலாக வரும். எங்கள் வங்கி முதல் தவணையை நிறுத்திவைத்து, ஒப்பந்தம் கேட்டது, கொடுத்தோம். நிர்வாகிகளின் விபரம் கேட்டது, கொடுத்தோம். பிறகு முதலில் கேட்டதையே திரும்பக் கேட்டது. விதிமுறை இருக்கத்தான் வேண்டும். ஆனால் கோயில் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் காசுக்கு இவ்வளவு கேட்பார்களா என்று நான் கவுன்டரில் கேட்டேன். பதில் வரவில்லை, காசு வந்தது. பணம் வரமுன்னரே ஒப்பந்தப் பிரதியையும் நோக்கத்தை விளக்கும் கடிதத்தையும் வங்கி முகாமையாளரிடம் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கி வைப்பது நல்லது. தளபாடத்துக்கு மூன்று விலைக்கோரல் வாங்கச் சொன்னார்கள் அறக்கட்டளையினர், வாங்கினோம், அதில் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது அறிக்கைக் காலம். பயனாளிகளைச் சமயவாரியாகவும் சமூகவாரியாகவும் பிரித்துக் காட்டச் சொல்கிறது படிவம். வரவுப் பதிவேட்டில் அப்படி ஒரு நிரல் போட ஒரு பெற்றோருக்கும் விருப்பமில்லை. எங்கள் ஆட்களுக்குப் பட்டியல் என்றாலே பயம். அடுத்த ஒழுங்கைக்காரருக்குச் சாதியைக் கையால் எழுதுவது அவமானம். பேர் இல்லாத துண்டில் விரும்பியவர்கள் மட்டும் எழுதிப் பெட்டியில் போடட்டும், கூட்டுத்தொகையை மட்டும் அனுப்புகிறோம், எழுதாதவர்களை "சொல்ல விரும்பவில்லை" என்று கணக்கிடுகிறோம் என்று அறக்கட்டளைக்கு எழுதினேன். ஒத்துக்கொண்டார்கள். முதல் அறிக்கையில் பெரிய எண் அந்த "சொல்ல விரும்பவில்லை" நிரலில்தான் இருந்தது. அப்படியே அனுப்பினோம், இரண்டாம் தவணையும் வந்துவிட்டது.