டீசல் ஸ்விஃப்டிலிருந்து நெக்ஸான் இவிக்கு: வால்பாறை மலைப்பாதை சொன்னது

மாருதியை விட்டு வேறு கம்பெனி வண்டி வாங்குவேன் என்று நான் நினைத்ததில்லை. எங்கள் டீசல் ஸ்விஃப்ட் அப்படி உழைத்தது. ஆனால் 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகை கட்டுப்பாட்டு விதிகள் வந்தபோது மாருதி டீசல் இன்ஜினையே நிறுத்திவிட்டது. அதே வண்டியைப் புதிதாக வாங்க வழியில்லை. டாடா பக்கம் மனசு போனதற்கு முதல் காரணம் பாதுகாப்பு. 2018 டிசம்பரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கிய முதல் இந்தியக் கார் நெக்ஸான். அம்மாவையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு மலையேறுகிற எனக்கு அது பெரிய விஷயம். மின்சார வண்டியாகவே எடுத்துவிடலாம் என்று 45 யூனிட் பேட்டரி உள்ள நெக்ஸான் இவியை எடுத்தோம்.

ஊருக்குள் ஓட்டிப் பார்த்து ஒரு வண்டியைப் பற்றிப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கோவையிலிருந்து பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக வால்பாறைக்குக் கிளம்பினோம்.

அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கழித்து, “ஏங்கண்ணு, வண்டி ஸ்டார்ட் ஆயிருச்சா?” என்றார். அதற்குள் உக்கடம் மேம்பாலத்தில் ஏறியிருந்தோம். பொள்ளாச்சி வரை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல ரோடு, வண்டியில் டயர் சத்தம் மட்டும்தான்.

ஆழியாறு சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பினார்கள். அதற்கு மேல் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஸ்விஃப்டில் இந்த வளைவுகளை எப்படி எடுப்பேன் என்பது என் கால்களுக்கு மனப்பாடம். வளைவுக்கு முன்னால் இரண்டாவது கியர், எதிரே பஸ் வந்து நிற்க வேண்டியதானால் முதல் கியர், அப்புறம் டர்போ விழித்துக்கொள்ளும் வரை ஒரு சின்னக் காத்திருப்பு. அந்த இன்ஜினின் முழு இழுவை 190 நியூட்டன் மீட்டர்; ஆனால் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு வந்தால்தான் அது கிடைக்கும். நெக்ஸானில் 215. காகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் நின்ற இடத்திலிருந்தே கிடைக்கிறது. ஏற்றமான வளைவில் பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்றுவிட்டு மறுபடி கிளம்பும்போது இந்த வித்தியாசம் தெரியும். கிளட்ச் வாசனை இல்லை, பின்னால் சரிவது இல்லை, உறுமல் இல்லை. காலை வைத்தால் ஏறுகிறது, அவ்வளவுதான்.

9ஆவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை. கீழே ஆழியாறு அணை. தடுப்புச்சுவர் மேல் ஒரு வரையாடு நின்றுகொண்டிருந்தது. மெதுவாக ஒதுங்கி நிறுத்தினேன். அது தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தது, காதை ஒருமுறை ஆட்டியது, மறுபடி புல்லைக் கடிக்கத் தொடங்கிவிட்டது. கொம்பில் இருந்த வளையங்களைக்கூட உள்ளிருந்தே எண்ணலாம் போலிருந்தது. சின்னவள் மூச்சுக் காட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்ஜின் சத்தம் இல்லாததால்தான் அது அப்படி நின்றது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அங்குள்ள வரையாடுகள் மனிதர்களுக்குப் பழகியவை. எங்களுக்கு அந்த அமைதி பிடித்திருந்தது.

மலையேறினால் சார்ஜ் கரைந்துவிடும் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவ்வளவு பயமில்லை. ஆட்களோடு சேர்த்து 1,800 கிலோ எடையை ஆயிரம் மீட்டர் உயரம் தூக்க சுமார் 5 யூனிட் போதும். ஓட்டத்துக்கான செலவு தனி. முழு சார்ஜில் கிளம்பிய நாங்கள் வால்பாறை போய்ச் சேரும்போது பாதிக்கு மேலேயே மிச்சம் இருந்தது. ஆய்வகக் கணக்கில் முழு சார்ஜுக்கு 489 கிலோமீட்டர் ஓடும் என்கிறார்கள். அதை வைத்துப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம். 350 என்று வைத்துக்கொள்ளுங்கள், நிம்மதியாக இருக்கும்.

தங்கிய வீட்டில் 15 ஆம்பியர் பிளக் கொடுத்தார்கள். இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். மலை மேல் பேட்டரியை 100 சதவீதம் நிரப்பிக்கொண்டு இறங்காதீர்கள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தை பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. வண்டியின் வேகம் குறைவது அதனால்தான். இதைத்தான் ரீஜென் என்கிறார்கள். பேட்டரி நிரம்பியிருந்தால் அந்த மின்சாரம் போக இடமில்லை, மோட்டார் வண்டியைப் பிடித்து நிறுத்துவது குறைந்துவிடும். நான் 80-லேயே பிளக்கை எடுத்துவிட்டேன்.

ஏறிய கியரிலேயே இறங்கு என்பது மலைப்பாதை டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம். இந்த வண்டியில் அதற்குப் பதிலாக ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள பேடிலில் இந்த ரீஜென்னை மூன்று அளவு வரை கூட்டிக் குறைக்கலாம். மூன்றில் வைத்தால் பிரேக்கைத் தொடாமலே இறங்கலாம், ஆனால் பின்சீட்டில் இருப்பவர்களுக்குக் குமட்டும். அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டுக்கு மாற்றினேன். செங்குத்தான வளைவுகளில் மட்டும் பிரேக்கில் கால் வைத்தேன். இறங்கும் வழியில் உள்ள அட்டகட்டியில் பார்த்ததைவிட ஆழியாறில் சார்ஜ் 2, 3 சதவீதம் கூடியிருந்தது. டீசல் வண்டியில் இறக்கத்தில் டேங்க் நிரம்பி நான் பார்த்ததில்லை!

பொள்ளாச்சியில் நம்பிப் போன சார்ஜர் வேலை செய்யவில்லை. கையில் சார்ஜ் இருந்ததால் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டோம். நீண்ட பயணத்துக்கு இப்போதைக்கு இதுதான் என் ஒரே தயக்கம். அதனால் வழியில் எப்போதும் இரண்டு சார்ஜரைக் குறித்துக்கொண்டுதான் புறப்படுகிறேன். அடுத்து கோத்தகிரி வழியாக ஊட்டி.