பேல்களுக்குள் எத்தனை கூட்டம்?

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் தரவுப் பிரிவில் சில காலம் வேலை பார்த்தேன். ஆலைக்கு வரும் பஞ்சுப் பேல் (அழுத்திக் கட்டிய பொதி) ஒன்று சுமார் 170 கிலோ இருக்கும். பஞ்சின் தரத்தை அளக்கும் ஹெச்.வி.ஐ. இயந்திரம் ஒவ்வொரு பேலுக்கும் ஒரு வரி எண்களைத் தரும்: இழை நீளம், வலிமை, சீர்மை, நிறம், மைக்ரோனேர். எந்தப் பேலை எதோடு சேர்த்து மிக்சிங் போடுவது, அதாவது நூற்கும் முன் கலப்பது, என்று அந்த எண்களை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். நடைமுறையில் பார்த்தால் மைக்ரோனேர் ஒன்றே போதும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம்.

அங்கேதான் சிக்கல். மைக்ரோனேர் என்பது, குறிப்பிட்ட எடைப் பஞ்சை அடைத்துக் காற்றைச் செலுத்தி, அது எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கும் அளவு. இழையின் நயமும் (மெல்லிய தன்மை) முதிர்ச்சியும் அதில் கலந்தே வரும். நயமான, நன்றாக முற்றிய பஞ்சும், தடித்த ஆனால் சரியாக முற்றாத பஞ்சும் ஒரே எண்ணைக் காட்டலாம். நூலாக இருக்கும்வரை யாருக்கும் வித்தியாசம் தெரியாது. சாயம் ஏறியதும் முற்றாத இழை வெளிறி நிற்கும், துணியில் பட்டை விழும். அப்புறம் திருப்பூரிலிருந்து போன் வரும்.

ஆகவே எல்லா எண்களையும் சேர்த்துப் பார்த்துக் குழு பிரிக்க வேண்டியிருந்தது. எல்லோரும் முதலில் எடுப்பது கே-மீன்ஸ், ஒவ்வொன்றையும் அருகிலுள்ள மையத்தோடு சேர்த்துக் குழு பிரிக்கும் முறை. அது குழுக்களெல்லாம் ஏறக்குறைய உருண்டையாக, ஒரே பருமனில் இருக்கும் என்பதுபோலவே நடந்துகொள்ளும். பஞ்சு அப்படியில்லை. ஒரு ரகத்துக்குள்ளேயே நீளம் கூடினால் வலிமையும் கூடும். ஒவ்வொரு பேலையும் ஒரு புள்ளியாகக் குறித்தால், அவை சாய்ந்த நீள்வட்டமாகக் கிடக்கும். கே-மீன்ஸ் அந்த நீள்வட்டத்தின் நடுவில் வெட்டி, ஒரே லாட்டை இரண்டு பக்கம் தள்ளிவிடும்.

இதற்கு மாற்றாக நாங்கள் எடுத்தது மாதிரி சார்ந்த முறை. மாதிரி என்றால் இங்கே, தரவு எப்படி உருவாகியிருக்கும் என்பதற்கான கணித ஊகம். அதில் ஒவ்வொரு குழுவும் ஒரு இயல்நிலைப் பரவல், அதாவது நடுவில் நெருக்கமாகவும் ஓரம் போகப்போக அருகியும் கிடக்கும் கூட்டம். அதற்கென்று ஒரு மையம், ஒரு பருமன், ஒரு வடிவம், ஒரு சாய்வு உண்டு. நம் கையில் இருக்கும் தரவு இவற்றின் கலவை. யோசனை பழையது. 1894-இல் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன், விலங்கியலாளர் வெல்டன் இத்தாலியின் நேப்பிள்ஸில் அளந்த 1000 நண்டுகளின் அளவுகளை இரண்டு இயல்நிலைப் பரவல்களாகப் பிரித்துக் காட்டினார். அதற்காக ஒன்பதாம் படிச் சமன்பாட்டைக் கையாலேயே தீர்க்க வேண்டியிருந்தது. எனக்கென்றால் அன்றைக்கே வேலையை விட்டிருப்பேன். 1977-இல் டெம்ப்ஸ்டர், லெய்ர்ட், ரூபின் மூவரும் பொதுவாக வகுத்துக் கொடுத்த இ.எம். வழிமுறை வந்தபின் கதை மாறியது. குழுக்களை ஓர் ஊகமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பேலும் எந்தக் குழுவில் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடும். அந்த வாய்ப்புகளை வைத்துக் குழுக்களைத் திருத்தும். எண்கள் நிலைக்கும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்யும். நாங்கள் புள்ளியியலுக்கான ஆர் கணினி மொழியின் எம்கிளஸ்ட் தொகுப்பைப் பயன்படுத்தினோம். பருமன், வடிவம், சாய்வு எல்லாக் குழுக்களுக்கும் ஒன்றா வேறா என்று 14 வகை மாதிரிகளை, குழு எண்ணிக்கையையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, பொருத்தத்தையும் மாதிரியின் சிக்கலையும் சேர்த்து எடைபோடும் பி.ஐ.சி. அளவுகோலால் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்.

முதலில் ஓட்டியபோது ஒரு குழு ஊசி முனைபோல் வந்தது. காரணம், ஒரே பேலின் வரி பலமுறை பதிவாகியிருந்தது. ஒரே இடத்தில் குவிந்த புள்ளிகள் கிடைத்தால் மாதிரி அவற்றின்மேல் சுருங்கிக்கொண்டே போய், தன் பொருத்தத்தை வானளவு உயர்த்திக்கொள்ளும். நகல்களை நீக்கியதும் சரியானது.

அதன்பின் பி.ஐ.சி. ஏழு குழு என்றது. மிக்சிங் மேஸ்திரியிடம் பட்டியலைக் காட்டினேன். பேல்களின் ஸ்டேஷன் (வந்த ஊர்), ஜின்னிங் (விதை பிரித்த ஆலை) விவரங்களை விரலால் ஓட்டிப் பார்த்துவிட்டு, "நாலுதானுங்க தம்பி" என்றார்.

இந்த இடத்தில் மென்பொருளுக்கும் மேஸ்திரிக்கும் சண்டை மூட்டுவது அர்த்தமில்லாதது. இரண்டு பேரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவில் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் என்ற வெந்நீர் ஊற்று இருக்கிறது. அது 272 முறை பீறிட்ட நேரமும் அடுத்ததற்குக் காத்திருந்த நேரமும் புள்ளியியல் வகுப்புகளில் பிரபலமான தரவு. படம் வரைந்தால் கண்ணுக்கு இரண்டு கூட்டம்தான் தெரியும். எம்கிளஸ்ட் மூன்று என்கிறது. நீண்ட நேரம் பீறிட்டவற்றின் கூட்டம் சுத்தமான நீள்வட்டமாக இல்லாததால், அதை நிரப்ப இரண்டு நீள்வட்டங்களைச் செலவழிக்கிறது. தரவின் வடிவத்தை நன்றாக விவரிக்க எத்தனை துண்டு வேண்டும் என்பதைத்தான் பி.ஐ.சி. சொல்கிறது. அந்தத் துண்டுகள் ஒவ்வொன்றும் தனி இனமா என்பது அதற்குத் தெரியாது.

எங்கள் ஏழிலும் அதே கதை பாதி இருந்தது. இரண்டு இடங்களில் ஒரே சரக்கின் கோணலான பரவல்தான் இரண்டாகப் பிளந்திருந்தது, தயங்காமல் சேர்த்துவிட்டோம். மூன்றாவது ஜோடியில் நான் இறங்கிவரவில்லை. "ஒரே ஜின்னிங் சரக்குங்க, மொதப் பறிப்பு, கடைசிப் பறிப்பு, அவ்வளவுதான்" என்றார் மேஸ்திரி. அவர் சொன்னது உண்மை. ஆனால் கடைசிப் பறிப்பில் முற்றாத இழை அதிகம் வரும். சாயத்தில் மாட்டிவிடுவது அதுதான். வரும் ஊர் ஒன்றானாலும் மிக்சிங்குக்கு அவை இரண்டு என்று வாதாடி ஐந்து குழுவில் நின்றோம்.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது நடுவில் நிற்கும் பேல்கள். கே-மீன்ஸ் ஒரு பேலுக்கு ஒரு முத்திரை குத்தி அனுப்பிவிடும். இங்கே 0.55, 0.45 என்று இரண்டு பக்கமும் வாய்ப்பு உள்ளவை தனியாகத் தெரியும். அவற்றில் கணிசமானவை ஜின்னிங்கிலேயே ரகம் கலந்து வந்தவை என்பது பிறகு விசாரித்ததில் தெரிந்தது. அந்தப் பேல்களை ஒரே நாளில் குவிக்காமல், மிக்சிங்குக்கு ஒன்றிரண்டாகப் பரப்பிப் போட்டோம். எந்தக் குழுவிலும் சேராத உதிரிகளுக்காக, இரைச்சல் என்று தனிப் பகுதி வைக்கவும் வழி இருக்கிறது. அதை வைக்காவிட்டால் நாலைந்து உதிரிப் பேல்களுக்காக ஒரு நல்ல குழு வீங்கிப்போகும்.

மேலாளர் கேட்டது குழு எண் என்ற ஒரே ஒரு பத்தி. வாய்ப்பு அளவையும் பக்கத்தில் போடச் சொல்லிக் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. புதுப் பருவப் பஞ்சு வந்து மறுபடி ஓட்டியபோது வேறு தலைவலி: மாதிரிக்குக் குழு எண்கள் வெறும் பெயர்கள் என்பதால், பழைய இரண்டாம் எண் குழு நான்காம் எண்ணாகிவிட்டது. கிடங்கில் பேல்கள்மேல் அதற்குள் எண் எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகு, புதுக் குழுவின் மையம் பழைய எந்த மையத்துக்கு அருகில் இருக்கிறது என்று பார்த்துப் பழைய எண்ணையே கொடுத்த பிறகுதான் பட்டியல் கிடங்குக்குப் போகும்.