அப்பாவுக்கு ஐந்து டயாலிசிஸ்

2021 மே மாதம், முழு ஊரடங்கு. மதுரையில் அப்பா கொரோனா வார்டில் சேர்ந்து ஒன்பதாவது நாள் ஆக்சிஜன் 94-க்கு வந்துவிட்டது என்றார்கள். அம்மா சாமிக்கு விளக்கேற்றினார். அன்று மாலையே டாக்டரிடமிருந்து போன். "நுரையீரல் பரவாயில்லை. கிட்னிதான் கவலையா இருக்கு. கிரியாட்டினின் 6.8. டயாலிசிஸ் பண்ணணும், கையெழுத்துப் போட வாங்க."

கிரியாட்டினின் என்பது கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு; கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறும். சேர்க்கும்போது அது 1.3. அப்பாவுக்கு 62 வயது, பதினைந்து வருடமாகச் சர்க்கரை, பிரஷரும் உண்டு. தினமும் நாங்கள் போனில் கேட்டது ஆக்சிஜன் எவ்வளவு என்று மட்டும்தான். சிறுநீர் எவ்வளவு போகிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை. 70 கிலோ உடம்புக்கு மணிக்கு 35 மில்லிக்கும் குறைவாகவே ஆறு மணி நேரம் போனால், கிட்னி அடிவாங்குகிறது என்று அர்த்தமாம்.

கையெழுத்துப் போட எனக்குக் கை வரவில்லை. ஒருதடவை மிஷினில் போட்டால் ஆயுசுக்கும் நிறுத்த முடியாது என்றுதான் குடும்பத்தில் எல்லோரும் நம்பினோம். பெரியப்பா வேண்டவே வேண்டாம் என்றார். அரை நாள் அப்படியே போனது. அதை நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

கடைசியில் சிறுநீரக டாக்டர்தான் பொறுமையாகச் சொன்னார். ஆக்சிஜன் குறைந்தது, பிரஷர் இறங்கியது, உடம்பு முழுக்க உண்டான அழற்சி எல்லாம் சேர்ந்து கிட்னியைத் திடீரென்று முடக்கியிருக்கிறது. பலருக்கு இது திரும்ப வேலைசெய்யும். அதுவரை பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடாமல் காக்கத்தான் மிஷின். சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

கழுத்துப் பக்கம் டியூப் போட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் நான்கு மணி நேரம். எங்களை உள்ளே விடவில்லை. நைட் டியூட்டி முடியும்போது நர்ஸ் அக்கா ஒருவர் கூப்பிட்டு, யூரின் பையில் இருந்த அளவைச் சொல்வார். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வேன். 80 மில்லி. 60. 110. மூன்றாவது டயாலிசிஸ் முடிந்தும் 150-தான். ஐந்தாவது முடிந்த மறுநாள் 400. அப்புறம் 950. அதற்கடுத்த காலை, "தம்பி, பை நிறைஞ்சிருச்சு, காலி பண்ணிட்டு வர்றேன்" என்றார். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதேன்.

அதோடு டயாலிசிஸ் நின்றது. வீட்டுக்கு வரும்போது கிரியாட்டினின் 2.4, இரண்டு வாரத்தில் 2.1. அங்கேயும் ஒரு தவறு நடந்தது. உடம்பு வலிக்கு அப்பா மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை வாங்கி நாலு நாள் போட்டிருக்கிறார். அடுத்த டெஸ்டில் 2.9. டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் வகை எதையும் தொடவே கூடாது என்று டாக்டர் கண்டித்தார். அட்டையைக் குப்பையில் போட்டேன். கிட்னியில் அடிபட்டவர் வீட்டில் இருந்தால் முதலில் அந்த மாத்திரை டப்பாவைத் துழாவிப் பாருங்கள்.

மூன்றாவது மாதம் 1.5-க்கு இறங்கியது. பழைய 1.3 இன்னும் வரவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்க்கிறோம். அளவுகளை அதே நோட்டில்தான் எழுதுகிறேன்.