தேயிலை வாதுக்குள் எந்த வண்டு?

தேயிலைச் செடியைக் கவாத்து செய்து, அதாவது வெட்டிவிட்டு, முடிந்த அடுத்த வருடங்களில்தான் அதன் வாதுகளை, அதாவது கிளைகளை, துளைக்கும் இந்த வண்டின் வேலை வெளியே தெரியும். கொழுந்து பறிக்கும் கை பட்டதும் வாது சட்டென்று ஒடியும். ஒடிந்த இடத்தில் தண்டைச் சுற்றி வளையமாகக் குடைந்த சுரங்கம், அதன் சுவரில் பூஞ்சைப் படலம். வண்டு மரத்தைத் தின்பதில்லை. தாய் வண்டு தன் வாய்ப்பகுதியில் உள்ள சின்னப் பையில் பூஞ்சையைச் சுமந்து வந்து உள்ளே வளர்க்கிறது. அதற்கும் புழுக்களுக்கும் அதுதான் சாப்பாடு.

வால்பாறைப் பக்கத் தோட்டங்களிலிருந்து வாதுகள் எங்கள் ஆய்வகத்துக்கு வரும். "எல்லாம் போரர்தானே சார், இதுல பார்க்க என்ன இருக்கு?" என்று கொண்டுவருகிறவர் கேட்பார். போரர் என்றால் துளைக்கும் வண்டு. இருக்கிறது. சுரங்கத்தைப் பிளந்து, கருத்து முற்றிய பெண் வண்டுகளை மட்டும் எடுப்பேன். பறக்க முடியாத ஆண்கள் சிலவே கிடைக்கும், அவற்றை வைத்துப் பெயர் சொல்ல முடியாது. முதலில் முன்முதுகின் பின்விளிம்பைப் பார்ப்பேன். நடுவில் ரோமக் கற்றை இருந்தால் காப்பிக் குச்சியைத் துளைக்கும் சைலோசாண்ட்ரஸ் காம்பாக்டஸாக இருக்கலாம். அதன் பூஞ்சைப் பை அந்த இடத்தில்தான். கற்றை இல்லையென்றால் யூவாலேசியா என்ற வண்டுப் பேரினத்தின் பக்கம் போக வேண்டும்.

அங்கேதான் சிரமம். 1868இல் ஜெர்மன் பூச்சியியலாளர் ஐக்காஃப் இலங்கை வண்டுக்கு வைத்த ஃபோர்னிகேட்டஸ் என்ற பெயரையே தேயிலை வண்டுக்கு எல்லாரும் எழுதிவந்தோம். அந்தப் பெயருக்கு ஆதாரமான, தொலைந்ததாகக் கருதப்பட்ட மூல மாதிரி வண்டு கிடைத்த பிறகு, 2019இல் அந்த ஒரே பெயரில் அடங்கியிருந்த கூட்டத்தை நான்கு இனங்களாகத் தெளிவுபடுத்தினார்கள். ஃபோர்னிகேட்டஸ் என்ற பெயர் கலிபோர்னியாவில் பட்டர் ஃப்ரூட் மரங்களைப் பாழாக்கும் வண்டுக்குப் போனது. தேயிலை வண்டு என்று நாம் சொல்லிவந்தது பெர்பிரெவிஸ், ஃபோர்னிகேட்டியர் என்ற இரண்டு.

இறக்கை உறையின் நீளத்தையும் முன்முதுகின் நீளத்தையும் அளந்து பிரிக்கப் பார்க்கலாம். ஆனால் அளவுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன, டிஎன்ஏ பார்க்காமல் உறுதி சொல்ல நான் தயாரில்லை. அதனால் ஒரே சுரங்கத்து வண்டுகளைப் பிரிக்காமல் சுத்த ஆல்கஹாலில் போடுகிறேன். எந்தச் செடி, எந்த வயல், கவாத்து ஆகி எத்தனை மாதம் என்று சீட்டில் எழுதுகிறேன். பழைய சீட்டைக் கிழிப்பதில்லை, புதுப் பெயரைத் தேதியோடு அதன் கீழே சேர்க்கிறேன்.

தேயிலை ஓரத்துப் பட்டர் ஃப்ரூட் மரத்திலிருந்து குச்சி வந்தால் மட்டும் வரிசையில் காத்திருக்க விடமாட்டேன். அன்றைக்கே பிளந்து பார்த்துவிடுவேன்.