சாறு ஊற்றியும் மொறுமொறுப்பு போகாத கோழித்தொடை

ஒருவழியாக வந்துவிட்டது! தக்காளி, ஆலிவ், எலுமிச்சை எல்லாம் சேர்த்து ஒரே வாணலியில் முடிக்கிற மத்திய தரைக்கடல் பாணி சிக்கனில் தோல் மட்டும் எனக்குப் பிடிகொடுக்காமலே இருந்தது. இந்த முறை தட்டில் வைத்த பிறகும் கடிக்கும்போது சத்தம் கேட்டது. ஓவன் பக்கமே போகவில்லை, அடுப்பு வேலை அரை மணி நேரம்தான்.

விஷயம் முழுக்க ஈரத்தில் இருக்கிறது. தோலில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். நன்றாகச் சிவக்க 140 டிகிரிக்கு மேல் போக வேண்டும். அதனால் எலும்பு எடுத்த தொடைகளுக்கு முந்தின இரவே உப்புத் தடவி, தோல் மேலே தெரியும்படி, மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் தோல் காகிதம்போல உலர்ந்திருந்தது. டிஷ்யூவால் ஒற்றி எடுப்பதெல்லாம் இதற்கு ஈடாகாது.

வாணலி அடி கனமான ஸ்டீல். நான்ஸ்டிக்கில் அடியில் பழுப்பு சரியாகப் படியாது, அது இல்லாமல் சாறுக்கு ருசி ஏது? இரும்பில் செய்தால் புளிப்பு எண்ணெய்ப் பூச்சை அரித்துவிடும். மிதமான தீ, கொஞ்சம் ஆலிவ் எண்ணெய், தோல் கீழே. மேலே இன்னொரு சின்ன வாணலியை வைத்து அமுக்கினால் ஓரம் சுருளாது. அப்புறம் தொடவே கூடாது. கொழுப்பு உருகித் தோல் சிவந்ததும் அதுவாகவே அடியை விட்டு வரும். இடுக்கியால் ஓரத்தைத் தூக்கும்போது இழுத்துப் பிடித்தால் இன்னும் நேரம் ஆகவில்லை என்று அர்த்தம். இந்தக் காத்திருப்பில்தான் சமையலே இருக்கிறது.

ஆலிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொட்டை எடுத்து விற்கும் கலமாட்டா (கிரேக்க ஆலிவ் வகை) கொழகொழவென்று, உப்பு ஏறிப்போய் இருக்கிறது. கொட்டையோடு வாங்கி நாமே நசுக்கி எடுப்பது எவ்வளவோ மேல். ஃபெட்டா சீஸையும் உப்புநீரில் கிடக்கும் கட்டியாகத்தான் வாங்குவேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2002 முதல் அந்தப் பெயர் கிரேக்கச் சீஸுக்கு மட்டுமே உரியது. அங்கே செம்மறிப் பாலில்தான் செய்கிறார்கள், வெள்ளாட்டுப் பால் 30 சதவீதம் வரை சேரலாம். ஆட்டுப் பாலின் அந்தச் சுள்ளென்ற புளிப்பு பசும்பாலில் வராது.

சரி, சாறு. கறியை எடுத்துவிட்டு, கொழுப்பில் பாதியை வடித்து, பூண்டு, செர்ரி தக்காளி, காய்ந்த ஓரிகானோ, கழுவிய கேப்பர் (உப்பில் ஊறிய பூமொட்டு), எலுமிச்சைச் சாறு. அடியிலிருக்கும் பழுப்பைச் சுரண்டிக் கரைத்து, வற்றவிட்டு, ஆலிவோடு கறியையும் தோல் மேலே இருக்கும்படி திரும்ப வைத்தேன். சாறு கறியின் பாதி உயரத்தைத் தாண்டக் கூடாது. மூடியும் போடக் கூடாது, ஆவி பட்டால் மொறுமொறுப்பு போச்சு. பாதுகாப்புக்கு உள்சூடு 74 டிகிரி போதும். தொடையை நான் 80 வரை விடுகிறேன், அப்போதுதான் சவ்வு இளகுகிறது. ஃபெட்டா அடுப்பை அணைத்த பிறகு.

அடுத்தது இதே வாணலியில் ஓர்ஸோ என்கிற அரிசி வடிவப் பாஸ்தா. அது வேக மூடி வேண்டும், தோலுக்கோ மூடியே ஆகாது. முதலில் பாஸ்தாவை முக்கால் பதம் வேகவிட்டு, கறியைக் கடைசியில் மேலே வைத்துப் பார்க்கப் போகிறேன்.